ஹாஃப்கட் ஈசியு மாற்றியும் காடி பற்றவில்லை, பச்சைச் சாவி லைட் சிமிட்டுகிறது (2010 சிட்டி, பினாங்கு)

பாயான்பாரு_சிட்டி எழுதியது:

வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் காடி 2010 ஹோண்டா சிட்டி, 1.5 ஆட்டோ. போன மாதம் ஒரு ராத்திரி பேட்டரி இறங்கிப் போய், பக்கத்து பிளாக்கில் இருப்பவர் பாவம் உதவி செய்கிறேன் என்று ஜம்ப்பர் கேபிள் கொண்டுவந்தார். கார் பார்க்கில் வெளிச்சம் இல்லை, சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டது. ஒரு பொறி, கொஞ்சம் கருகல் வாடை, டேஷ்போர்டு மொத்தமும் செத்துவிட்டது.

பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். ஃபோர்மேன் மெயின் ஃபியூஸையும் கருகிக் கிடந்த வேறு சில ஃபியூஸ்களையும் மாற்றினார். லைட் வந்தது, ஸ்டார்ட்டர் சுற்றியது, என்ஜின் மட்டும் பற்றவில்லை. ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் ஏபிஎஸ் பேசுகிறது, ஏர்பேக் பேசுகிறது, என்ஜின் பேசவே மாட்டேன் என்கிறது. ஏபிஎஸ்ஸில் (பிரேக் பெட்டி) யூ0100 என்று ஒரு கோடு, அதாவது என்ஜின் பெட்டியோடு தொடர்பில்லை என்ற பிழை எண். "ஈசியு போச்சு தம்பி, புதுசு கேட்டா தலை சுத்தும், ஹாஃப்கட்ல பாப்போம்" என்றார். (ஈசியு என்றால் என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி, ஹாஃப்கட் என்றால் வெட்டி உடைத்த பழைய காடியின் சாமான்.) சரி என்று 380 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன்.

அந்த ஈசியுவைப் போட்ட பிறகு என்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரும் என்ஜினோடு பேசுகிறது. சாவியைத் திருப்பினால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. மீட்டரில் பச்சை நிறத்தில் ஒரு சாவிப் படம் விடாமல் சிமிட்டுகிறது. ஃபோர்மேன் சொல்வது இந்த ஈசியுவும் கெட்டது, வேறு வாங்க வேண்டும், மறுபடி 380. கடைக்காரர் சொல்வது எலக்ட்ரிக்கல் சாமான் திருப்பி எடுப்பதில்லை, பில்லிலேயே அச்சடித்திருக்கிறோம், படிக்கவில்லையா.

ஏர்பேக் லைட்டும் அணையாமல் எரிகிறது. அதற்கு அதே ஹாஃப்கட்டிலிருந்து ஏர்பேக் பெட்டியும் 150 வெள்ளிக்கு எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஃபோர்மேன். இதில் யார் சொல்வதை நம்புவது? யாராவது இந்தக் காடியில் பழைய ஈசியு மாற்றி ஓட்டியிருக்கிறீர்களா?

---

பட்டவொர்த்_பெருசு எழுதியது:

தம்பி, ஈசியு கழற்றி ஈசியு மாட்டினால் ஓடணும். ஓடவில்லை என்றால் சாமான் கெட்டது, வேறு பேச்சு இல்லை. பழைய புரோட்டோன் வீராவில் எத்தனை மாற்றியிருக்கிறோம், ரெண்டு ஸ்க்ரூ, ரெண்டு சாக்கெட், சாவியைத் திருப்பினால் புர்ரென்று கிளம்பும். கடைக்காரனை விடாதே. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டிப் புகார் கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரை கேஸ் எடுப்பார்கள், வக்கீலும் வேண்டாம். பில்லில் அச்சடித்துவிட்டால் எல்லாம் சட்டமாகிவிடுமா?

---

செந்தூல்_ஒயர்மேன் எழுதியது:

பெரியவர் சொன்ன நடுவர் மன்றத் தகவல் சரிதான், ஆனால் இந்தக் கேஸுக்கு அங்கே போக வேண்டாம். தம்பி, உங்கள் ஹாஃப்கட் ஈசியு பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. காடி எடுக்காததற்குக் காரணத்தை அந்தப் பச்சைச் சாவியே சொல்கிறது.

உங்கள் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம்தான் அதை எழுப்பி எண்ணைக் கேட்கும். அந்த எண் சரிதானா என்று இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புப் பெட்டி பார்க்கும், ஈசியுவும் தன் பங்குக்கு இம்மொபிலைசரை அடையாளம் காணும். ரெண்டும் ஒத்துப்போனால்தான் பெட்ரோல் விடும். நீங்கள் வாங்கியது வேறொரு காடியின் இம்மொபிலைசரோடு குடும்பம் நடத்திய ஈசியு. உங்கள் சாவியை அதற்குத் தெரியாது. ஸ்டார்ட்டர் சுற்றுவதை அது தடுக்காது, பெட்ரோலை மட்டும் நிறுத்திவிடும். சுற்றும், பற்றாது. சாதாரணமாக சாவியை ஆன் செய்ததும் அந்த லைட் ரெண்டு வினாடி எரிந்து அணைந்துவிட வேண்டும், சிமிட்டினால் சாவியை ஏற்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு 380 கொடுத்து இன்னொரு ஈசியு போட்டாலும் இதேதான் சிமிட்டும்.

நல்ல செய்தி, ஹோண்டாவில் இதற்கு வழி இருக்கிறது. எச்டிஎஸ் என்ற ஹோண்டா ஸ்கேனரில் இம்மொபிலைசர் மெனுவுக்குள் போனால் ஈசியு மாற்றியதற்கென்று தனி வேலை ஒன்று இருக்கும். வேலை செய்யும் சாவி கையில் இருந்தால் புது ஜோடி சேர்த்துவிடலாம், அதிக நேரம் பிடிக்காது. பினாங்கில் சாவி செய்கிற நல்ல கடைகளிலும் இந்த வசதி இருக்கும், உங்கள் ஃபோர்மேனிடம் இருக்கும் சாதாரண ஸ்கேனரில் இராது. போகும்போது வீட்டிலுள்ள எல்லாச் சாவியையும் எடுத்துப் போங்கள், ஸ்பேர் சாவி உட்பட. பேட்டரி நன்றாக ஏற்றியிருக்க வேண்டும், பாதியில் வோல்ட் விழுந்தால் வேலை கெடும்.

ஆனால் அதற்கு முன்னால் ரெண்டு கேள்வி. பழைய ஈசியு உண்மையிலேயே செத்ததா? புதிதாகப் போட்டது அதே சாக்கெட்டில் ஸ்கேனரோடு பேசுகிறது என்கிறீர்கள். அப்படியானால் அந்த இடத்துக்குக் கரண்ட் வருகிறது, எர்த் சரியாக இருக்கிறது, ரிலே வேலை செய்கிறது. பழையதுதான் போயிருக்கிறது, அந்த அளவில் உங்கள் ஃபோர்மேன் சொன்னது சரி. (மற்றவர்களுக்கு: ஈசியு போச்சு என்று யாராவது சொன்னால் ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் ஒயர், சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் இத்தனையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஒரே ஒரு சென்சார் ஷார்ட் ஆகி அந்த 5 வோல்ட்டைக் கீழே இழுத்துவிட்டால் நல்ல ஈசியுவும் செத்தது போலக் கிடக்கும்.)

ரெண்டாவது, கேபிள் மாறியதில் வேறு என்ன போனது? ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகள் இந்த மாதிரி நேரத்தில் முதலில் அடி வாங்கும். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் சார்ஜ் அளந்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஹோண்டா தேவையைப் பார்த்து சார்ஜைக் குறைக்கும், சும்மா ஐடிலில் 12.5 வோல்ட் காட்டும், உடனே ஆல்டர்னேட்டர் போச்சு என்று கழற்றிவிடுவார்கள். ஹெட்லைட்டும் ஏர்கானும் போட்டு அளங்கள். 13.5-க்கு மேல் ஏறி 14.5 பக்கம் நின்றால் சரி. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் (மாறுமின்சாரம்) வைத்தும் பாருங்கள், டையோடு போயிருந்தால் அங்கே வோல்ட் தலைகாட்டும். இதைப் பார்க்காமல் விட்டால் இந்த ஈசியுவுக்கும் அதே கதி வரலாம்.

---

காப்பார்_ஸ்பேர்பார்ட்ஸ் எழுதியது:

ஒயர்மேன் அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்று. ஈசியு மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 37820 என்று ஆரம்பிக்கும், அது ஹோண்டாவில் எல்லா என்ஜின் ஈசியுவுக்கும் பொது. அதற்கு அடுத்த மூன்று எழுத்தும், கடைசிப் பகுதியும்தான் முக்கியம்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஹாஃப்கட் என்றாலே ஜப்பானிலிருந்து வெட்டி வந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உங்கள் மாடல் சிட்டியை ஜப்பானில் விற்கவே இல்லை. அங்கிருந்து வருவது ஃபிட், நம் ஊர் ஜாஸ். வெளியிலிருந்து பார்த்தால் என்ஜின் ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஜப்பான் ஃபிட்டில் பெரும்பாலும் சிவிடி (படிகள் இல்லாத) கியர்பாக்ஸ், உங்கள் சிட்டியில் 5 ஸ்பீட் ஆட்டோ. ஹோண்டாவில் என்ஜினையும் கியரையும் ஒரே பெட்டிதான் பார்க்கிறது, அதனால் ஃபிட் ஈசியுவைப் போட்டால் கியர் சோலெனாய்டு (மின்வால்வு) பிழைக் கோடுகள் வரிசையாக வந்து நிற்கும். சாக்கெட் பொருந்திவிட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்களுக்குத் தேவை இங்கேயே ஓடி அடிபட்ட சிட்டியின் பெட்டி.

அடுத்தது தண்ணீர். 2017 நவம்பரில் உங்கள் பினாங்கில் வந்த வெள்ளம், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கம் வந்த வெள்ளம், இதிலெல்லாம் முங்கிய காடிகள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் உடைத்து விற்கப்பட்டன என்று சொல்லவில்லை, ஆனால் சாமான் வாங்கும்போது சாக்கெட் ஊசிகளை டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி அடியில் பச்சை பூத்திருந்தாலோ, மூடியின் ஓரத்தில் சேறு காய்ந்த கோடு இருந்தாலோ கீழே வைத்துவிட்டு வாருங்கள். இன்றைக்கு ஓடும், நாலு மழைக்கு அப்புறம் பழி வாங்கும்.

கடையின் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், கிழிந்தால் எந்தக் கடையும் பேசாது. பில்லில் பெட்டியின் நம்பரை எழுதச் சொல்லுங்கள். திருட்டுச் சாமான் என்று நாளைக்கு யாராவது கேட்டால் அந்த பில்தான் உங்கள் கையில் இருக்கும்.

---

பாயான்பாரு_சிட்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. லேபிளைப் பார்த்தேன். நடுவிலுள்ள மூன்று எழுத்து ரெண்டிலும் ஒன்றுதான். கடைசிப் பகுதியில் ஒரு எண் மட்டும் வேறு. ஊசியெல்லாம் பளபளப்பாக இருக்கிறது, பச்சை இல்லை. கடையில் விசாரித்தேன், இங்கே பிறையில் விபத்தான சிட்டி என்றார்கள்.

எச்டிஎஸ் என்று சொன்னதும் ஃபோர்மேனுக்குக் கோபம், "இன்டர்நெட்ல படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லித்தர்றியா" என்றார். பழைய பெட்டியிலுள்ள டேட்டாவை எடுத்து இதில் ஏற்றலாம் என்று இன்னொருவர் சொல்கிறார், குளோன் செய்வதாம், 300 வெள்ளி. எது நல்லது? அப்புறம் மைலேஜ் மாறுமா, காடியை விற்கும்போது புஸ்பாகோம் காடிச் சோதனையில் பிரச்சினை வருமா?

---

செந்தூல்_ஒயர்மேன் எழுதியது:

நடு எழுத்துகள் ஒன்று, கியர்பாக்ஸ் ஒன்று, ரெண்டும் இங்கே ஓடிய காடி, அப்படியானால் பயப்பட வேண்டாம். கடைசி எண் பெரும்பாலும் சாஃப்ட்வேர் திருத்தம்தான்.

குளோன் என்பது வேறு வழி. பெட்டியைத் திறந்தால் போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன மெமரி சிப் இருக்கும், இல்லாவிட்டால் பிராசசருக்குள்ளேயே இருக்கும். இம்மொபிலைசர் ரகசியமெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் பகுதி கருகிப் போனாலும் அந்தச் சிப் உயிரோடு இருப்பது சகஜம். அதைப் படித்து மாற்றுப் பெட்டியில் எழுதிவிட்டால், காடிக்கு ஈசியு மாறியதே தெரியாது. பிஎம்டபிள்யூ, வோக்ஸ்வேகன் மாதிரி காடிகளில் பல நேரம் இந்த வழிதான் கைகொடுக்கும், சும்மா மாட்டிவிட்டு ஸ்கேனரில் சேர்ப்பது அங்கே நடக்காது. சில டொயோட்டாக்களில் இன்னும் சுலபம், ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 4-ஐயும் 13-ஐயும் ஒயரால் இணைத்து சாவியை ஆன் செய்து 30 நிமிடம் விட்டால் பெட்டிகள் தாமே கைகுலுக்கிக்கொள்ளும். எல்லா டொயோட்டாவுக்கும் இல்லை, உங்கள் மாடலின் மேனுவலில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். உங்கள் சிட்டிக்கு எச்டிஎஸ் வழியே போதும், போர்டைத் திறந்து சூடு வைக்கும் வேலை வேண்டாம்.

மைலேஜ் மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது, ஈசியு மாற்றினால் மாறாது. ஸ்கேனரில் பார்த்தால் அந்த ஈசியு முன்பு இருந்த காடியின் சேசிஸ் நம்பர் தெரியலாம். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோமில் பார்ப்பது என்ஜினிலும் உடம்பிலும் அடித்திருக்கும் நம்பரைத்தான், அதை யாரும் தொடவில்லையே. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஜோடி சேர்த்த பிறகு வேலை முடியவில்லை, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் ஐடில் ஆடுகிறது என்று திரும்பி வருகிறார்கள். எல்லா லோடையும் அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை 3000 ஆர்பிஎம்மில் பிடியுங்கள், பிறகு காலை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா ஐடிலில் விடுங்கள். அடுத்து கிராங்க் (என்ஜின் சுழலும் தண்டு) சென்சாரின் பேட்டர்னை ஈசியு கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஓட்ட வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் லிம் சொங் ஈ விரைவுச்சாலைக்குப் போய், பின்னால் காடி இல்லாத நேரத்தில் கியரைக் கீழே பிடித்து 2500 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி, பெட்ரோலையும் பிரேக்கையும் தொடாமல் 1000 வரை தானாக இறங்க விடுங்கள். இது நடக்காவிட்டால் மிஸ்ஃபயரே (சிலிண்டர் பற்றாமல் விடுவது) இல்லாதபோதும் மிஸ்ஃபயர் கோடு வரும், அப்புறம் பிளக் மாற்று, காயில் மாற்று என்று உங்கள் ஃபோர்மேன் இன்னொரு சுற்று ஆரம்பிப்பார்.

---

மலர்_கேஎல் எழுதியது:

ஏர்பேக் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே! தம்பி, அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது விபத்தான சிட்டி என்று நீங்களே சொல்கிறீர்கள். விபத்தில் ஏர்பேக் வெடித்திருந்தால் அந்தப் பெட்டிக்குள் விபத்துப் பதிவு உட்கார்ந்துவிடும், லைட் அணையவே அணையாது. என் தங்கை வீட்டுக்காரர் காடியில் ஒரு பட்டறையில் இப்படித்தான் ஒரு பெட்டியைப் போட்டுக் கொடுத்தார்கள். லைட் எரிந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா, மீட்டரைக் கழற்றி ஏர்பேக் பல்பு வரும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். வேறு வேலைக்கு மீட்டரைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பின் சீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்து போகிற காடி. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

---

செந்தூல்_ஒயர்மேன் எழுதியது:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. அந்தப் பதிவை அழித்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அழித்த பெட்டி அடுத்த விபத்தில் வெடிக்குமா என்று யார் முட்டிப் பார்ப்பது? ஏர்பேக் பெட்டி என்றால் புதிது, இல்லையென்றால் உங்கள் பழையதே. என் பட்டறையில் இதில் பேரம் கிடையாது.

அதுவும் உங்கள் ஏர்பேக் பெட்டி ஸ்கேனரோடு பேசுகிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். பேட்டரி இறங்கிக் கிடந்ததிலும் கேபிள் மாறியதிலும் வோல்ட் குறைவு என்று ஒரு கோடு பதிந்திருக்கலாம். முதலில் கோடைப் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள். யாராவது அந்த மஞ்சள் சாக்கெட்டைக் கழற்றப் போனால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு மூன்று நிமிடமாவது காத்திருக்கச் சொல்லுங்கள்.

---

பட்டவொர்த்_பெருசு எழுதியது:

சாவியில் சிப்பு, பெட்டியில் சிப்பு, ஒன்றுக்கொன்று கல்யாணம் செய்து வைக்க ஒரு கம்ப்யூட்டர். வீராவில் இந்தத் தொல்லை உண்டா? சாவி இரும்பு, அவ்வளவுதான். திருடனுக்கும் அதுதான் வசதி என்று என் மகன் சொல்கிறான், போகட்டும்.

வீரா வைத்திருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு வார்த்தை. பழைய மிட்சுபிஷி ஈசியு மாற்ற இன்னொரு பழைய ஈசியு வாங்குவதில் புண்ணியம் இல்லை. 90-களில் வந்த பெட்டிகளில் கெப்பாசிட்டர் ஒழுகும், மூடியைத் திறந்தாலே மீன் வாடை அடிக்கும். வாங்கி வருகிறதும் அதே வயசுதான், அதிலும் ஒழுகியிருக்கும். நாலைந்து கெப்பாசிட்டரை மாற்றி, கசிந்ததை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, போர்டில் அரித்துப்போன செம்புக் கோட்டை ஒயரால் இணைத்தால் இன்னும் ஓடும். சாமான் விலை பத்து வெள்ளி தாண்டாது.

---

பாயான்பாரு_சிட்டி எழுதியது:

காடி ஓடுகிறது!!

ஃபோர்மேனோடு வாதாடாமல் வேறு ஒருவரைப் பிடித்தேன், சாவி வேலை செய்கிறவர், எச்டிஎஸ் லேப்டாப்போடு பட்டறைக்கே வந்தார். ரெண்டு சாவியையும் வாங்கிக்கொண்டார், ஏதோ மெனு, ஆஃப் செய், ஆன் செய், மறுபடி ஆஃப். பச்சை லைட் எரிந்து அணைந்தது, முதல் சுற்றிலேயே பற்றிக்கொண்டது. 180 வெள்ளி வாங்கினார். ஃபோர்மேன் தூரத்தில் வேறொரு காடிக்கு டயர் கழற்றுவது போல நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் வந்து சாவிக்காரருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏர்பேக்கில் வோல்ட் குறைவுக் கோடு ஒன்றுதான் இருந்தது, அழித்ததும் லைட் போய்விட்டது, மறுபடி வரவில்லை. மலர் அக்காவுக்கு நன்றி, 150 வெள்ளி மிச்சம். ஹெட்லைட்டும் ஏர்கானும் போட்டு அளந்தால் சார்ஜ் 14.2, ஏசி வோல்ட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐடில் கொஞ்சம் ஆடியது, ஒயர்மேன் அண்ணன் சொன்னபடி ஃபேன் சுற்றும் வரை பிடித்த பிறகு நின்றுவிட்டது. விரைவுச்சாலை வேலை ஞாயிற்றுக்கிழமைதான்.

பழைய ஈசியுவை என்ன செய்வது? கடைக்காரர் 50 வெள்ளிக்குக் கேட்கிறார்.

---

செந்தூல்_ஒயர்மேன் எழுதியது:

கொடுக்காதீர்கள். கேபிள் மாறிப் போன பெட்டியில் பல நேரம் போவது உள்ளே வருகிற கரண்டுக்குக் காவல் நிற்கும் டையோடும், போர்டில் அதையொட்டிய ஒரு செம்புக் கோடும்தான். போர்டு பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பிராசசர் தப்பியிருந்தால் சரிசெய்துவிடலாம். 150-க்குள் கேட்டால் செய்து ஸ்பேராக வையுங்கள், அதற்கு மேல் கேட்டால் அப்படியே அலமாரியில் கிடக்கட்டும். எப்போதாவது அதைப் போட்டால் மறுபடி ஜோடி சேர்க்க வேண்டியிருக்கலாம், மறந்துவிடாதீர்கள். அதில் இருப்பது உங்கள் காடியின் டேட்டா, அதை ஏன் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும்?

---

ஜெலுத்தோங்_ஜாஸ் எழுதியது:

அண்ணே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என்னுடையது 2012 ஜாஸ் ஹைப்ரிட். இதே மாதிரி பழைய ஈசியு போடலாமா? பச்சைச் சாவி சிமிட்டவில்லை, ஐஎம்ஏ (ஹைப்ரிட் மோட்டார்) லைட்தான் எரிகிறது.

---

செந்தூல்_ஒயர்மேன் எழுதியது:

அது என்ஜின் ஈசியு கதையே இல்லை தம்பி, பின்னால் இருக்கும் 100 வோல்ட் பேட்டரியின் கதை. புது இழை ஒன்று தொடங்கி என்ன கோடு வருகிறது என்று போடுங்கள், அங்கே வருகிறேன். அதுவரை பின்னால் எதையும் நீங்களே திறக்க வேண்டாம்.